ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே: ஆய்வுக் கட்டுரையைத் திறந்த அணுகலில் வைக்க ஒரு வழிகாட்டி

திறந்த அணுகல் (கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைப்பது) என்றதும் புதிதாக ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கட்ட வேண்டும்?" பல நேரங்களில் ஒன்றுமே கட்ட வேண்டாம். சந்தா இதழில் வந்த கட்டுரையைக்கூடச் செலவில்லாமல், சட்டப்படி, யாரும் படிக்கும்படி திறந்து வைக்க வழி இருக்கிறது. அந்த வழி அடைபடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: சரியான கோப்பை எடுத்து வைக்காதது, ஒப்பந்தத்தைப் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தியது. இரண்டுமே, கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று இதழ் அனுப்பும் ஏற்பு மின்னஞ்சல் வந்த ஓரிரு வாரங்களில் நடந்து முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து நூலகத்தின் கதவைத் தட்டினால் நூலகராலும் அதிகம் செய்ய முடியாது.

2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் திறந்த அணுகல் முன்னெடுப்பு அன்றே இரண்டு வழிகளைச் சொன்னது. ஒன்று, எங்கே வெளியானாலும் கட்டுரையின் ஒரு பிரதியை ஆசிரியரே பொதுக் களஞ்சியத்தில், அதாவது கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் இணையக் காப்பகத்தில், இட்டு வைப்பது. இதைப் பச்சை வழி என்கிறார்கள். மற்றது, இதழே திறந்த இதழாக இருப்பது. இது தங்க வழி. தங்க வழியில் ஆசிரியரிடமும் வாசகரிடமும் காசு வாங்காத இதழ்களுக்கு வைர இதழ்கள் என்று பெயர். பல்கலைக்கழகங்களும் ஆய்வுச் சங்கங்களும் நடத்தும் இதழ்களில் பல இந்த வகைதான். அவற்றில் பலவும் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடுகின்றன, பல இடங்களில் நூலகத்தின் சர்வரிலேயே. இவை போக, சந்தாவும் வாங்கிக்கொண்டு, கட்டணம் கட்டும் ஆசிரியரின் கட்டுரையை மட்டும் திறந்துவிடும் கலப்பு இதழ்கள் உண்டு. கட்டணப் பட்டியலில் பொதுவாக மேலே நிற்பவை இவைதான்.

ஒரே கட்டுரை, மூன்று கோப்புகள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள். உங்கள் கட்டுரை ஒன்றுதான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பதிப்பகத்தின் கண்ணுக்கு அது மூன்று.

முதலாவது, நீங்கள் இதழுக்கு முதலில் அனுப்பிய வடிவம். இரண்டாவது, மதிப்பாய்வாளர்கள் சொன்ன திருத்தங்களை எல்லாம் செய்து, இதழின் ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்ட கடைசி வடிவம். இதை ஏற்கப்பட்ட கைப்பிரதி என்பார்கள். மூன்றாவது, பதிப்பகம் பக்கம் அமைத்து, இதழின் பெயரும் பக்க எண்ணும் போட்டு வெளியிட்ட இறுதி வடிவம். சந்தா இதழ்களில் மூன்றாவதைப் பொதுவெளியில் வைக்கப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. இரண்டாவதற்குப் பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் சில நிபந்தனைகளோடு அனுமதி தருகின்றன. உள்ளடக்கத்தில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஆக, நூலகம் உங்களிடம் கேட்பது இரண்டாவது கோப்பை. நீங்கள் தேடிப் பார்த்தால் கையில் இருப்பதோ முதலாவதும் மூன்றாவதும் மட்டும்.

ஏன் அப்படி? கடைசிச் சுற்றுத் திருத்தத்தை ஏதோ ஒரு சக ஆசிரியர் தன் கணினியில் செய்து நேராக இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் ஏற்றியிருப்பார். பிறகு மெய்ப்பு (பதிப்பகம் பக்கம் அமைத்துச் சரிபார்க்க அனுப்பும் கோப்பு) வரும், எல்லோர் கவனமும் அங்கே போய்விடும். மெய்ப்புக் கோப்பு ஏற்கப்பட்ட கைப்பிரதி ஆகாது. அதில் பதிப்பகத்தின் பக்க அமைப்பு வந்துவிட்டது. பல நேரம் குறுக்கே 'மெய்ப்பு' என்ற நீர்க்குறியும் இருக்கும். சமர்ப்பிப்புத் தளம் தானாகத் தயாரித்துத் தரும் பிடிஎஃப்பும் அப்படியே உதவாது: வரி எண்கள், தளத்தின் முகப்புத் தாள், சில வேளை மதிப்பாய்வாளருக்கு நீங்கள் எழுதிய பதில்கூட அதில் சேர்ந்திருக்கும். அதைக் களஞ்சியத்தில் ஏற்றினால் உங்கள் பதில் கடிதத்தை ஊரே படிக்கும்.

எனவே ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே செய்ய வேண்டியது: கடைசியாக ஏற்றிய வேர்ட் அல்லது லாடெக் கோப்பை எடுங்கள். 'மாற்றங்களைக் கண்காணி' வசதியில் தங்கிப்போன சிவப்புக் கோடுகளையும் ஓரக் குறிப்புகளையும் நீக்குங்கள். தனித்தனியாக ஏற்றிய படங்களையும் அட்டவணைகளையும் உரைக்குள் சேருங்கள். பிடிஎஃப்பாக மாற்றி, ஆண்டு, முதல் ஆசிரியர் பெயர், தலைப்பில் இரண்டு சொல், கடைசியில் 'ஏற்கப்பட்டது' என்று கோப்புக்குப் பெயர் வையுங்கள். 'இறுதி', 'இறுதி2', 'உண்மையான இறுதி' என்றெல்லாம் வைத்தால் அடுத்த ஆண்டு உங்களுக்கே அடையாளம் தெரியாது. ஏற்பு மின்னஞ்சலையும் அதே கோப்புறையில் போடுங்கள். ஏற்கப்பட்ட நாளுக்கு அதுதான் சான்று.

தமிழில் எழுதிய கட்டுரை என்றால் கூடுதலாக ஒரு சோதனை. பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் சரி. கோணல் மாணலான ஆங்கில எழுத்துகளாக வந்தால், கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. கண்ணால் படிக்கலாம், தேடுபொறியால் படிக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

அனுப்புவதற்கு முன்பே கொள்கையைப் பாருங்கள்

ஓர் இதழ் எதை அனுமதிக்கிறது என்பதை அறிய அதன் தளத்தில் மணிக்கணக்கில் துழாவ வேண்டியதில்லை. ஷெர்ப்பா ரோமியோ என்று நெடுங்காலம் அறியப்பட்ட இலவசத் தரவுத்தளம், இப்போது பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பின் ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற தளமாக இருக்கிறது. அங்கே இதழின் பெயரைவிட அதன் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைக் கொடுத்துத் தேடுவது நல்லது. ஒரே பெயரில் வேறு இதழ்கள் இருக்கலாம். எட்டு இலக்க எண் குழப்பாது. அச்சுக்கு ஒன்று, மின் பதிப்புக்கு ஒன்று என இரண்டு எண்கள் இருந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

முடிவில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பகுதி வரும். அதில் பார்க்க வேண்டியவை: எந்த வடிவம், எங்கே வைக்கலாம், எவ்வளவு காலம் கழித்து, எந்த உரிமத்தில், என்ன வாசகத்தோடு. 'எங்கே' என்பதில் கவனம் தேவை. பல்கலைக்கழகக் களஞ்சியம், துறைக் களஞ்சியம், சொந்த இணையப் பக்கம், வணிக நோக்கிலான ஆய்வாளர் சமூகத் தளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விதி வேறாக இருக்கலாம். சொந்தப் பக்கத்துக்கு உடனே அனுமதி, களஞ்சியத்துக்கு 12 மாதம் கழித்து, ரிசர்ச்கேட் போன்ற தளங்களுக்கு அனுமதியே இல்லை என்கிற இதழ்கள் உண்டு. எல்லோரும்தான் அங்கே போடுகிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

இதே கட்டத்தில் நிதி கொடுத்தவரின் விதியையும் பார்த்துவிடுங்கள். ஆய்வு நிதி நிறுவனங்கள் பல, வெளியான உடனேயே கட்டுரை திறந்திருக்க வேண்டும் என்கின்றன. 2018இல் அறிவிக்கப்பட்டு 2021இல் நடைமுறைக்கு வந்த, நிதி நிறுவனங்கள் பல சேர்ந்து வகுத்த பிளான் எஸ் என்ற திட்டம் அப்படிப்பட்டது. நிதியாளர் 'உடனே' என்கிறார், இதழ் '12 மாதம் கழித்து' என்கிறது என்றால், அந்த முடிச்சைக் கட்டுரை அனுப்புவதற்கு முன் அவிழ்க்க வேண்டும். நிதியாளரோடு ஒப்பந்தம் போட்டவர் நீங்கள் என்பதால் பழி உங்கள் மேல்தான் விழும்.

பணம் கேட்டால்

கட்டுரைச் செயலாக்கக் கட்டணம் (திறந்து வெளியிட ஆசிரியரிடம் வாங்கும் தொகை) கேட்கும் இதழைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால், சொந்தப் பையில் கையை விடும் முன் நூலகத்தைக் கேளுங்கள். பல பல்கலைக்கழக நூலகங்களும் நூலகக் கூட்டமைப்புகளும் பதிப்பகங்களோடு 'படிக்கவும் வெளியிடவும்' ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. சந்தாவுக்குக் கொடுத்துவந்த தொகையிலேயே, அந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரைகளைத் திறந்து வெளியிடும் செலவும் அடங்கிவிடும். இப்படி ஒன்று இருப்பது தெரியாமலேயே தங்கள் ஆய்வு நிதியிலிருந்து கட்டியவர்கள் எல்லாத் துறைகளிலும் இருப்பார்கள்.

ஒப்பந்தம் இருந்தும் கைநழுவிப் போவது சின்னச் சின்ன விஷயங்களில். தொடர்பு ஆசிரியர், அதாவது கட்டுரை குறித்து இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர், அந்தப் பல்கலைக்கழகத்தவராக இருக்க வேண்டும். முதல் ஆசிரியர் யார் என்பது இங்கே கணக்கில் வராது. ஏற்பு வந்த பிறகு தொடர்பு ஆசிரியரை மாற்றப் பதிப்பகங்கள் பொதுவாகச் சம்மதிப்பதில்லை. சமர்ப்பிக்கும்போது சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்திருந்தால் பதிப்பகத்தின் மென்பொருள் உங்களை அடையாளம் காணாது. பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைத் துறையின் பெயருக்குள் புதைக்காமல், பட்டியலில் உள்ளபடியே தேர்ந்தெடுங்கள். தலையங்கம், கடிதம், நூல் மதிப்புரை போன்றவை பல ஒப்பந்தங்களில் சேராது. ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று உச்சவரம்பு இருந்தால் ஆண்டு முடிவதற்குள் அது தீர்ந்துபோகலாம். சில ஒப்பந்தங்களுக்கு ஏற்பு நாள் கணக்கு, சிலவற்றுக்குச் சமர்ப்பித்த நாள் கணக்கு.

ஒப்பந்தம் இல்லையென்றால் கட்டண விலக்குக் கேட்கலாம். குறைந்த வருமான நாடுகளின் ஆசிரியர்களுக்குப் பல பதிப்பகங்கள் முழு விலக்கும், அடுத்த நிலை நாடுகளுக்குத் தள்ளுபடியும் தருகின்றன. ஆனால் அது பெரும்பாலும் முழுத் திறந்த இதழ்களுக்குத்தான். கலப்பு இதழ்களுக்குக் கிடைப்பது அரிது. விலக்கைச் சமர்ப்பிக்கும்போதே கேளுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் மறுத்துவிடும் இதழ்கள் ஏராளம். எதுவும் சரிவராவிட்டால் கலப்பு இதழில் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்து, பச்சை வழியில் கைப்பிரதியைத் திறந்து வையுங்கள். படிக்க வருபவருக்கு இதனால் குறை ஒன்றும் இல்லை.

போலி இதழ்கள் பற்றிச் சுருக்கமாக. 2003இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டிஓஏஜே என்ற திறந்த இதழ்க் கையேட்டில் இதழைத் தேடுங்கள். அதில் முழுத் திறந்த இதழ்கள் மட்டுமே இருக்கும். கலப்பு இதழ் அங்கே இல்லாததை வைத்து அதைப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். பிறகு இதழின் பழைய கட்டுரை ஒன்றின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாளம்) எடுத்து டிஓஐ தளத்தில் போட்டு, அதே கட்டுரைக்குப் போகிறதா என்று பாருங்கள். போலிகள் எண் மாதிரி எதையாவது அச்சிட்டுவிடும். அது எங்கும் போகாது. ஐஎஸ்எஸ்என் இருப்பது தரச் சான்று இல்லை, அது வெறும் அடையாள எண். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடித் தளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்காமல் டிஓஏஜே பதிவில் உள்ள முகவரி வழியாகவே இதழுக்குப் போங்கள். மூன்று நாளில் மதிப்பாய்வு முடித்துத் தருகிறோம் என்று அழைப்பு வந்தால் நேராகக் குப்பைக்கு அனுப்பலாம்.

கையெழுத்தும் உரிமமும்

ஏற்புக்குப் பிறகு ஒரு படிவம் வரும். அது பதிப்புரிமையை மாற்றித் தரும் படிவமா, வெளியிட உரிமம் தரும் படிவமா என்று முதலில் பாருங்கள். முதல் வகையில் கட்டுரை பதிப்பகத்துக்குச் சொந்தமாகிவிடும். பிறகு உங்கள் படத்தையே உங்கள் நூலில் போட அனுமதி கேட்க நேரலாம். இரண்டாம் வகையிலும் 'தனியுரிமம்' என்று இருந்தால் நடைமுறையில் விளைவு ஏறத்தாழ அதுவே. பெயரில் ஏமாறாமல், உங்களிடம் மிஞ்சும் உரிமைகளின் பட்டியலைப் படியுங்கள்.

இதற்கு நூலகங்கள் சொல்லும் மாற்று, உரிமையை முன்கூட்டியே தக்கவைத்துக்கொள்வது. 2008இல் ஹார்வர்டின் கலை, அறிவியல் புலத்தினர் வாக்களித்து, தங்கள் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைக்கும் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு முன்னதாகவே வழங்கினார்கள். அதற்குப் பின் பதிப்பகத்தோடு போடும் ஒப்பந்தம் அந்த முந்தைய உரிமத்துக்குக் கட்டுப்பட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு கொள்கை இருக்கிறதா என்று நூலகர் சொல்வார். இருந்தால், சமர்ப்பிக்கும் கடிதத்திலும் கட்டுரையின் நன்றியுரையிலும் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள்: 'இச்சமர்ப்பிப்பிலிருந்து உருவாகும் ஏற்கப்பட்ட கைப்பிரதிக்கு ஆசிரியர்கள் சிசி பிஒய் உரிமம் வழங்கியுள்ளனர்.' முதல் முறை சமர்ப்பிக்கும்போதே இந்த வரி இருக்க வேண்டும். மெய்ப்பில் நுழைத்தால் வெட்டிவிடுவார்கள்.

உரிமத் தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு முதலில் இருப்பதைச் சொடுக்காதீர்கள். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம வரிசை. சிசி பிஒய் என்றால் பெயர் குறிப்பிட்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். என்சி சேர்ந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. என்டி சேர்ந்தால் மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது, மொழிபெயர்ப்பும் அதில் அடக்கம். உங்கள் ஆங்கிலக் கட்டுரையை ஒருவர் தமிழில் பெயர்த்து வெளியிட ஆசைப்பட்டால் என்டி அவர் கையைக் கட்டிவிடும். எவனாவது எடுத்துச் சிதைத்துவிடுவானோ என்ற பயத்தில் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு இது பெரிய மருந்து அல்ல என்பது எங்கள் கருத்து. எதைத் தேர்ந்தாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. பிறருடைய படம், வரைபடம், நீண்ட மேற்கோள் கட்டுரையில் இருந்தால் அவற்றுக்கு உங்கள் உரிமம் செல்லாது. படத்தின் கீழேயே அவை விலக்கு என்று குறிப்பிடுங்கள்.

களஞ்சியத்தில் இடுவது

பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் பல டிஸ்பேஸ் அல்லது ஈபிரிண்ட்ஸ் மென்பொருளில் ஓடுபவை. பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்து புதிய பதிவைத் தொடங்கினால் படிவம் விரியும். எல்லாம் கையில் இருந்தால் கால் மணி நேர வேலை.

தலைப்பை இதழில் வந்தபடியே, ஒரு சொல் மாறாமல் இடுங்கள். ஆசிரியர் பெயர்களை இதழின் வரிசையிலேயே இட்டு, ஒவ்வொருவரின் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணையும் சேருங்கள்; ஒரு கட்டுரையில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி பெயர் எழுதியவர்களை ஒரே ஆளாகச் சேர்த்துக் காட்டுவது அந்த எண்தான். வெளியான வடிவத்தின் டிஓஐயை அதற்குரிய கட்டத்தில் இடுங்கள், குறிப்புப் பகுதியில் அல்ல. இடம் மாறினால், கட்டுரைகளின் இலவசப் பிரதிகளைத் தேடித் தரும் அன்பேவால் போன்ற கருவிகள் உங்கள் பிரதியையும் இதழின் பக்கத்தையும் இணைப்பது கடினமாகும். வடிவம் என்ற கட்டத்தில் 'ஏற்கப்பட்ட கைப்பிரதி'. நிதி உதவி எண், உரிமம், பதிப்பகம் கேட்கும் வாசகம் ஆகியவை அடுத்து.

சிக்கல் வருவது தடைக்காலத்தில், அதாவது கைப்பிரதியைத் திறக்கும் முன் காத்திருக்கும்படி பதிப்பகம் சொல்லும் காலத்தில். கட்டுரை இணையத்தில் 2024 ஆகஸ்ட் 14இல் வெளியானது, 2025 ஜனவரி இதழில் சேர்க்கப்பட்டது, தடைக்காலம் 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் முதலில் வெளியான நாளிலிருந்து கணக்கு என்று பதிப்பகம் சொன்னால் 2025 ஆகஸ்டில் திறக்கலாம். இதழ் வெளியான நாளிலிருந்து என்றால் 2026 ஜனவரி. ஏற்பு நாளிலிருந்து எண்ணுவது பொதுவான தவறு. ஆனால் தடைக்காலம் முடியட்டும் என்று காத்திருந்து ஏற்றாதீர்கள், மறந்துவிடும். இன்றே ஏற்றி, திறக்கும் நாளைக் கட்டத்தில் குறித்தால் மென்பொருள் அந்த நாளில் தானாகத் திறக்கும். அதுவரை தலைப்பும் சுருக்கமும் எல்லோருக்கும் தெரியும். பல களஞ்சியங்களில் 'பிரதி கேள்' பொத்தானும் இருக்கும். கேட்பவருக்கு நீங்களே தனிப்பட அனுப்பலாம்.

காப்புரிமை எடுக்கக்கூடிய கண்டுபிடிப்பு கட்டுரையிலோ ஆய்வேட்டிலோ இருந்தால் மட்டும் ஏற்றுவதை நிறுத்தி வையுங்கள். களஞ்சியத்தில் திறப்பதும் பொதுவெளியீடுதான்; விண்ணப்பத்துக்கு முன் வெளியானால் பல நாடுகளில் புதுமை என்ற தகுதி போய்விடும். முதலில் விண்ணப்பம், பிறகு களஞ்சியம்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் களஞ்சியமே இல்லையா? துறைக் களஞ்சியங்களைப் பாருங்கள். இயற்பியல், கணிதம், கணினியியலுக்கு 1991இல் தொடங்கிய ஆர்கைவ் இருக்கிறது. புதியவருக்கு அந்தத் துறையில் ஏற்கெனவே எழுதும் ஒருவரின் பரிந்துரை அங்கே தேவைப்படலாம். எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக, செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனம் நடத்தும் ஜெனோடோ உண்டு. ஜெனோடோவில் ஏற்றும்போது ஏற்கெனவே டிஓஐ உள்ள கட்டுரைக்குப் புதிதாக இன்னொன்று வாங்கிவிடாமல், பழையதையே படிவத்தில் கொடுங்கள்.

நூலகத்துக்கு என்ன எழுதுவது

பல நூலகங்களில் இவ்வளவையும் நீங்கள் செய்ய வேண்டியதே இல்லை. கோப்பை அனுப்பினால், கொள்கையைப் பார்த்து, தடைக்காலம் கணக்கிட்டு, பதிவையும் அவர்களே போடுவார்கள். ஆனால் 'என் கட்டுரையைத் திறந்த அணுகலில் போட முடியுமா?' என்று ஒற்றை வரி எழுதினால், விவரம் கேட்டே நான்கு மின்னஞ்சல் ஓடும். இப்படி எழுதுங்கள்:

'மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் கட்டுரை இன்ன இதழில் (ஐஎஸ்எஸ்என் இது) இன்ன நாளில் ஏற்கப்பட்டது. தொடர்பு ஆசிரியர் நான்; நம் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே எழுதியிருக்கிறேன். ஆய்வுக்கு நிதி தந்தவர், திட்ட எண் விவரம் கீழே. ஏற்கப்பட்ட கைப்பிரதியையும் ஏற்பு மின்னஞ்சலையும் இணைத்துள்ளேன். பதிப்பகத்தின் படிவத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை, அதையும் இணைத்துள்ளேன். இந்தப் பதிப்பகத்தோடு நமக்கு ஒப்பந்தம் உண்டா? இல்லையென்றால் கைப்பிரதியை எப்போது திறக்கலாம்?'

கடைசி மூன்று வரிகளுக்காகவே நூலகர் உங்களுக்கு நன்றி சொல்வார். கையெழுத்துக்கு முன் வருகிறவர்கள் அவ்வளவு குறைவு.

பதிவு வெளியானதும் களஞ்சியம் ஒரு நிலையான இணைப்பைத் தரும். மேற்கோளிலும் சுயவிவரத்திலும் அதையே கொடுங்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் தெரிவது, களஞ்சியத்தின் மென்பொருள் மாறும்போது செத்துப்போகலாம். திறக்கும் நாளுக்கு மறுநாள் என்று உங்கள் நாட்காட்டியில் ஒரு குறிப்புப் போட்டு வையுங்கள். அன்று பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து வெளியேறி, கைப்பேசியின் மொபைல் டேட்டாவில், அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். வளாக வைஃபையில் பார்த்தால் பூட்டியிருப்பதும் திறந்ததுபோல் தெரியலாம். கடவுச்சொல் கேட்டால் தேதி தவறாகப் பதிவாகியிருக்கும். பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக நூலகத்துக்கு ஒரு வரி எழுதினால் அன்றைக்கே திறந்துவிடுவார்கள்.